பழைய லாரியின் எஞ்சின்: பிரித்து வேலை பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

முதல் லாரியைப் பழையதாக வாங்குவது நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் புதிய செய்தி அல்ல. ஓட்டுநராக இருந்து உரிமையாளராகிற பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். வாங்கிய ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ எஞ்சின் தன் வயதைக் காட்டும். மேட்டில் இழுவை குறையும், புகை கூடும், நடைக்கு நடை ஆயில் ஊற்ற வேண்டியிருக்கும். உடனே ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். பட்டறைக்காரர் பிரித்துவிடலாம் என்பார். உதிரிபாகக் கடைக்காரர் மாற்று எஞ்சின் தயாராக இருக்கிறது என்பார். தரகர் வண்டியையே தள்ளிவிடச் சொல்வார். மூவர் சொல்வதிலும் அவரவர் பிழைப்பும் கலந்திருக்கிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

எஞ்சினின் சத்தத்தையும் புகையையும் மட்டும் பார்த்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. லாரிக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டம் மிச்சம் இருக்கிறது, கிராங்க்கும் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பிளாக்கும் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) மைக்ரோமீட்டரில் என்ன காட்டுகின்றன, இந்த இரண்டும் தெரிந்த பிறகு முடிவு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். அதற்குப் போகும் வழியைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில், குற்றம் எஞ்சினுடையதுதானா?

எஞ்சினை இறக்கும் முன் வெளியில் இருப்பவற்றைப் பாருங்கள். இழுவை இல்லை, கரும்புகை வருகிறது என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் போகிறது என்று பொருள். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) போகும் ரப்பர் குழாயில் கிழிசல், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலின் தேய்மானம், நகர்ந்துவிட்ட பம்ப் டைமிங் ஆகிய எல்லாமே இந்த நோயைக் காட்டும். இவற்றில் எதற்கும் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆனால் அந்த ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டித்தான் வருகிறது என்று உறுதியில்லை. டர்போவின் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீல் மீது சந்தேகம் வைக்கலாம். வெண்புகை இரண்டு வகை. எரியாத டீசலின் புகை கண்ணை எரிக்கும், எஞ்சின் சூடேறியதும் பெரும்பாலும் குறைந்துவிடும். தண்ணீர் ஆவியானால் சூடேறிய பிறகும் நிற்காது. ரேடியேட்டரில் அளவும் இறங்கிக்கொண்டே போகும்.

புதியவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. புகையே இல்லை, கசிவும் இல்லை, ஆனாலும் ஆயில் குறைகிறது என்றால் பிரேக் காற்றுத் தொட்டியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீரோடு ஆயிலும் கொட்டினால் ஏர் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்து, எஞ்சின் ஆயிலைத் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசர் வேலைக்கு ஆகும் செலவு எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பட்டறையில் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பல எஞ்சின்களில் ஆயில் கூலர் உள்ளே விரிசல் விட்டாலும் இதேதான் நடக்கும். பழைய டாடா லாரிகளில் வரும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினில் ஆயில் கூலர் பிளாக்கின் பக்கவாட்டில், மூடிக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றிக் காற்றழுத்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைத் தூக்க விடாதீர்கள்.

எஞ்சினைப் பிரிக்காமலே அளக்கக் கூடியவை

சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைக் கவிழ்த்து அதே துளைமேல் வையுங்கள். லேசாக ஆடினால் கவலையில்லை. துள்ளிக் கீழே விழுந்து, கூடவே புகையும் குபுகுபுவென்று வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி சேம்பருக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது. இது முதல் பார்வைக்கான சோதனைதான். இதை மட்டும் நம்பி லட்ச ரூபாய் முடிவு எடுக்க வேண்டாம்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. நாசில்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேஜ் பொருத்தி, எஞ்சின் சூடாகவும் பேட்டரி நிறைவாகவும் இருக்கும்போது ஆறு சிலிண்டர்களையும் அளக்கச் சொல்லுங்கள். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும். ஆறும் ஒரே அளவில் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் அது வயதின் தேய்மானம். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் வால்வோ, கேஸ்கட்டோ, உடைந்த ரிங்கோ காரணமாக இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேல்முனையில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்திவிட்டு நாசில் துளை வழியாகக் காற்றைச் செலுத்துவார்கள். காற்று சேம்பர் வழியாகச் சீறினால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, ரேடியேட்டரில் குமிழியிட்டால் கேஸ்கட் அல்லது விரிசல். வால்வு என்று தெரிந்தால் ஹெட் வேலையோடு முடிந்துவிடும். அதற்காக முழு எஞ்சினையும் பிரிப்பது வீண்.

ஆயில் பிரஷரை டேஷ்போர்டு முள்ளை நம்பி முடிவு செய்ய வேண்டாம். சென்சார் பொய் சொல்லும். தனி கேஜ் பொருத்தி, நன்றாகச் சூடான பிறகு மெதுவாக ஓடும்போது பாருங்கள். குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து சூட்டில் விழுந்தால் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் மினுக்கும் துகள் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு வெளியே வந்துவிட்டது. அந்த வண்டியை அடுத்த லோடுக்கு அனுப்புவது கிராங்க்கைப் பணயம் வைப்பது. ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. அறிக்கையில் சிலிக்கான் கூடியிருந்தால் தூசி உள்ளே போகிறது, இரும்பு கூடினால் சிலிண்டர் பக்கம், ஈயமும் செம்பும் கூடினால் பேரிங் பக்கம், சோடியம் கூடினால் கூலன்ட் கலப்பு என்று வாசிக்கலாம். எஞ்சின் ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கும் இந்த அறிக்கையில் பாதி விடை கிடைத்துவிடும்.

காரணம் தெரியாமல் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்து தூசி போனதால் தேய்ந்த எஞ்சினுக்குப் புது ரிங் போட்டுவிட்டு, உடைந்த கிளிப்பை அப்படியே விட்டால் புது ரிங்கும் அதே வழியில் போகும். நம் ஊரில் இன்னொரு காரணம், கூலன்ட் ஊற்றாமல் ஆழ்குழாய் உப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது. அது ரேடியேட்டரிலும் பிளாக்கின் நீர்வழிகளிலும் சுண்ணாம்பாகப் படிந்து, மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றிவிடும்.

லாரிக்கு எத்தனை ஆண்டு மிச்சம்?

இந்தக் கேள்வியைப் பட்டறையில் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தை எடுங்கள். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டினால் அதற்கான கட்டணமே பல மடங்கு. தேசிய பெர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 88ஆம் விதி இரண்டு அச்சு லாரிக்கு 12 ஆண்டும், பல அச்சு லாரிக்கு 15 ஆண்டும் வைத்திருக்கிறது. வெளிமாநில நடையை நம்பியிருக்கும் இரண்டு அச்சு வண்டி 10 ஆண்டைத் தொட்டுவிட்டது என்றால், எஞ்சினில் எவ்வளவு பணம் போட்டாலும் அந்த நடை இரண்டே ஆண்டுதான். அதன் பிறகு மணல், ஜல்லி, செங்கல் என்று உள்ளூர் ஓட்டத்துக்கு வந்துவிடும். கிலோமீட்டரும் குறையும், வருமானமும் குறையும். வண்டி டெல்லிக்குப் போகிறது என்றால், 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015 முதல் நடந்துவரும் கெடுபிடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வண்டியைச் சுற்றி வாருங்கள். சேஸிஸில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா, கியர்பாக்ஸ் சத்தம் எப்படி, டிஃபரன்ஷியல், ஸ்டியரிங் பாக்ஸ், கேபினின் அடித்தகடு. எஞ்சின் புதிதானதும் இவற்றின் மேல் விழும் பாரம் கூடும். அடுத்த ஆறு மாதத்தில் கியர்பாக்ஸ் இறங்கினால் உங்கள் கணக்கு முழுதும் மாறிவிடும். விற்கும்போது எஞ்சினில் போட்ட பணம் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். வாங்குபவர் மாடலுக்கும் டயருக்கும் விலை சொல்வார். எஞ்சின் வேலைக்கான ரசீது இருந்தால் பேரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பிரித்த பிறகு: முடிவு சொல்லும் அளவுகள்

எஞ்சின் வேலை என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு, சீட், கேஸ்கட் மாற்றுவது ஒன்று. எஞ்சினை வண்டியிலேயே வைத்துக்கொண்டு பிஸ்டன், ரிங், பேரிங், லைனர் (சிலிண்டருக்குள் செருகிய மாற்றக்கூடிய குழல்) மாற்றுவது இரண்டாவது. எஞ்சினை முழுதாக இறக்கி, பிளாக்கும் கிராங்க்கும் லேத் பட்டறைக்குப் போய் வருவது மூன்றாவது. விலை கேட்கும்போது எந்த வேலைக்கான விலை என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டாவது வேலைக்கு விலை பேசி மூன்றாவது வேலையில் போய் முடிவதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம்.

பட்டறையில் நீங்களும் இருக்க வேண்டிய நேரம், கீழ் பேரிங்குகளைக் கழற்றும் நேரம். கழற்றிய பேரிங்கைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். அதில் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்டாண்டர்டு என்றால் கிராங்க் இதுவரை கடையப்படவில்லை, அதாவது தேய்ந்த மேல்பரப்பைச் சீவி மட்டமாக்கவில்லை. 0.25 என்றிருந்தால் ஒருமுறை கடைந்தாயிற்று. பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நான்கு படி கிடைக்கும். 1.00 ஏற்கெனவே போட்டிருந்தால் அடுத்த படி இல்லை, கிராங்க்கையே மாற்ற வேண்டும். முன்னாள் உரிமையாளர் எஞ்சினில் கையே வைத்ததில்லை என்று சொல்லி விற்றிருந்தால், அது உண்மையா என்பதும் இங்கே தெரிந்துவிடும்.

கிராங்க்கைக் கடைய அனுப்பும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கடைவதற்கு முன் விரிசல் சோதனை செய்தார்களா? ஜர்னலின் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் இடம்) ஓரத்தில் உள்ள வளைவை அப்படியே காத்தார்களா? அது கூர்மையாகிவிட்டால் கிராங்க் முறிவது அந்த இடத்தில்தான். கடைந்த பின் மேல்பரப்பின் கடினத்தன்மை மிச்சமிருக்கிறதா? நல்ல லேத் பட்டறைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

பிளாக்கில் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபாடு உண்டு. 5.9 லிட்டர் கம்மின்ஸில் லைனர் கிடையாது. 102 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் பிளாக்கிலேயே குடையப்பட்டது. தேய்ந்தால் 0.50 மி.மீ., பிறகு 1.00 மி.மீ. என்று போர் செய்து (குடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அதையும் தாண்டினால் ஸ்லீவ் என்ற புதுக் குழலை இறக்க வேண்டும். ஆக, எஞ்சினை இறக்காமல் இதைச் சரியாகச் செய்ய முடியாது. ஹினோ வழிவந்த லேலண்ட் எஞ்சின்களில் மெல்லிய உலர் லைனர். தேய்ந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதியதை இறக்கினால் சிலிண்டர் பழைய அளவுக்கே வந்துவிடும். தண்ணீர் நேரடியாகத் தொடும் ஈர லைனர் உள்ள எஞ்சினில் லைனரின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால், சரியான கூலன்ட் இல்லாமல் ஓடியிருக்கிறது.

ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். முகத்தைச் சீவி மட்டமாக்குவதற்கும் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் நாசில் முனை வெளியே நீட்டிக்கொள்ளும், வால்வு பிஸ்டனை நெருங்கும்.

இந்த அளவுகள் வந்ததும் ஒரு தாளில் எழுதுங்கள். கிராங்க் இன்னும் ஒருமுறை கடையலாம், பிளாக்கில் விரிசல் இல்லை, ஹெட் நலம் என்றால் தயங்காமல் வேலை பார்க்கலாம். கிராங்க் கடைசி அளவில், மெயின் பேரிங் வரிசையை மறுபடி போர் செய்ய வேண்டும், ஹெட்டிலும் விரிசல் என்று மூன்றும் சேர்ந்தால் மாற்று எஞ்சின் பக்கம் திரும்புங்கள். கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் கணக்கே தேவையில்லை.

மாற்று எஞ்சினில் எத்தனை வகை

தயாரிப்பு நிறுவனமே பழைய எஞ்சினை வாங்கிக்கொண்டு, புதுப்பித்த எஞ்சினை உத்தரவாதத்தோடு தருவது முதல் வகை. டாடா மோட்டார்ஸ் இதை புரோலைஃப் என்ற பெயரில் நடத்துகிறது. இதில் உங்கள் பழைய எஞ்சினுக்கும் ஒரு விலை உண்டு. பிளாக் உடைந்திருந்தால் அந்த விலை குறையும் அல்லது போய்விடும். கேட்க வேண்டிய கேள்வி, விலைக்குள் என்னென்ன வருகிறது என்பது. பம்ப், டர்போ, கம்ப்ரசர், செல்ஃப் மோட்டார், ஃப்ளைவீல் ஆகியவை உள்ளேயா வெளியேயா என்பதை வைத்து உண்மையான விலை பெரிதும் ஏறி இறங்கும்.

பிளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும் கோத்து வரும் அரை எஞ்சின் இரண்டாவது வகை. உங்கள் ஹெட்டும் பம்பும் நன்றாக இருந்தால் இது நல்ல நடுவழி.

மூன்றாவது, டெல்லி மாயாபுரி போன்ற பழைய இரும்புச் சந்தைகளிலிருந்து அல்லது விபத்தில் நொறுங்கிய லாரியிலிருந்து வரும் எஞ்சின். விலையைப் பார்த்தால் மனம் போகும். அது உங்கள் எஞ்சினைவிட நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு விற்பவரின் சொல் மட்டுமே சான்று என்றால் வாங்காதீர்கள். ஓட விட்டுப் பார்க்க வேண்டும், கம்ப்ரஷன் எடுக்க வேண்டும், சேம்பரைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது பார்க்க வேண்டும். எந்த வண்டியின் எஞ்சின் என்பதற்குக் காகிதம் வேண்டும். எண் ராவப்பட்டிருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கணக்கு

கீழே உள்ளவை முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் வேலைக்கு ரூ.1,80,000, வண்டி நிற்பது 15 நாள். புதுப்பித்த எஞ்சினுக்கு ரூ.3,40,000, நிற்பது 4 நாள். டீசல், சுங்கம், ஓட்டுநர் பேட்டா போக வண்டி நாளொன்றுக்கு ரூ.3,500 தருகிறது. தவணை, காப்பீடு, வரி ஆகியவற்றை இதில் கழிக்க வேண்டாம்; வண்டி நின்றாலும் ஓடினாலும் அவை கட்டியாக வேண்டியவை. நிற்கும் நாளின் இழப்பையும் சேர்த்தால் முதலாவது ரூ.2,32,500, இரண்டாவது ரூ.3,54,000.

வேலை பார்த்த எஞ்சின் 3 லட்சம் கி.மீ., புதுப்பித்தது 5 லட்சம் கி.மீ. ஓடும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 80,000 கி.மீ. ஓட்டம். லாரிக்கு மூன்று ஆண்டுதான் மிச்சம் என்றால் தேவை 2,40,000 கி.மீ. மட்டுமே. வேலை பார்த்தால் கிலோமீட்டருக்கு 97 காசு, மாற்றினால் ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். ஆறு ஆண்டு மிச்சம் என்றால் தேவை 4,80,000 கி.மீ. வேலை பார்த்த எஞ்சினை நடுவில் மறுபடி பிரிக்க வேண்டும், அதே 97 காசு நிற்கும். மாற்றிய எஞ்சின் 74 காசுக்கு இறங்கிவிடும். எஞ்சின் இரண்டும் அதேதான், விலையும் அதேதான். லாரியின் மிச்ச ஆயுள்தான் விடையைப் புரட்டுகிறது.

பட்டறையின் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பாகங்களின் பிராண்டு, லேத் கூலி, நாசில் பம்ப் காலிபரேஷன், வாட்டர் பம்ப், ஆயில், ஃபில்டர், கிளட்ச் பிளேட் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். ஆயில் கூலரும் டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய்களும் அந்தப் பட்டியலில் கட்டாயம் வேண்டும். உடைந்த பேரிங்கின் துகள் ஆயில் கூலரில் தங்கிவிட்டால், முதல் ஓட்டத்திலேயே புதுப் பேரிங்கைத் தின்றுவிடும். எஞ்சினை மாற்றினாலும் பழைய கூலரை அப்படியே பொருத்த விடாதீர்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வந்த 2017 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 4, 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டிகளுக்கு என் யோசனை வேறு. காமன் ரயில் (கணினி கட்டுப்படுத்தும் உயர் அழுத்த டீசல் அமைப்பு) நாசில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. மாற்றினால் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். புகை சுத்திகரிப்புக் கருவிகளும் எஞ்சினோடு பிணைந்தவை. சாலையோரப் பட்டறையின் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், குறியீட்டை ஏற்றும் கணினிக் கருவி இல்லாமல் இந்த வேலையை முடிக்க முடியாது. அது உள்ள பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

காகிதமும் முதல் ஆயிரம் கிலோமீட்டரும்

வேலை பார்த்த எஞ்சினில் எண் மாறாது, அது ஒரு நிம்மதி. மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வந்துவிடும். பதிவு அதிகாரியின் அனுமதியை முன்பே பெறுவதுதான் சரியான வழி. அப்படிப் பெறாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். எண் பிளாக்கில் பொறிக்கப்படுவதால் அரை எஞ்சினுக்கும் இது பொருந்தும். கடன் நிலுவை இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதக் கடிதம் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள். ஆர்.சி.யில் ஒரு எண்ணும் எஞ்சினில் வேறு எண்ணுமாக இருக்கும் வண்டி எஃப்.சி.யில் நிற்கும், விபத்து இழப்பீட்டிலும் சிக்கும்.

எஞ்சின் ஏறியதும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை அடைத்துவிட்டு, ஆயில் பிரஷர் தெரியும்வரை செல்ஃப் மோட்டாரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு மணிக்கணக்காக ஐட்லிங்கில் நிறுத்தி வைக்காதீர்கள். சுமையே இல்லாமல் ஓடினால் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தாமல் சுவர் பளபளத்துப் போகும், ஆயில் குடிப்பது தொடங்கும். பாதி லோடு, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுவது, மேட்டில் கடைசிவரை மிதிக்காமல் கியரை இறக்குவது, இவை போதும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்; அப்போதே டேப்பெட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே உள்ளது) சரிபார்க்கச் சொல்லுங்கள். 5.9 லிட்டர் கம்மின்ஸுக்கு அது குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்குவது எஞ்சினைப் பொறுத்தது. கையேடு சொன்னால் மட்டும் செய்யுங்கள், பட்டறை வழக்கம் என்பதற்காக வேண்டாம்.